கூகுள் ஃபார்ம் குவிஸ் மார்க்குக்கு சராசரி போட்டா எரர் வருது
ஃபார்முலா சரிதான் டீச்சர், நீங்க டவுன்லோட் பண்ண சிஎஸ்வி ஃபைல்தான் பிரச்சினை. அதுல மார்க் "7.00 / 10"னு முழுசா எழுத்தா வருது, எண்ணே இல்லாதப்ப எதை வச்சு சராசரி போடும், அதான் ஜீரோவால வகுக்கிற எரர் காட்டுது.

மார்க் இருக்கற நெடுவரிசையைப் (column) பாருங்க, செல்லுல இடது பக்கம் ஒட்டி நின்னா எழுத்து, வலது பக்கம்னா எண்.

சிஎஸ்வி-ய விட்டுடுங்க. ஃபார்ம்ல ரெஸ்பான்சஸ் டேபுக்குப் போய் "லிங்க் டு ஷீட்ஸ்" அமுக்குங்க, பழைய பதில்களும் சேர்ந்தே வந்துடும், அங்க "7 / 10"னு தெரிஞ்சாலும் உள்ள இருக்கறது வெறும் 7தான், சராசரி ஒழுங்கா வரும்.

ஆனா ஒண்ணு, டெஸ்ட்டுக்கு வராத புள்ளைங்களுக்கு 0 போட்டுடாதீங்க, செல்லைக் காலியா விடுங்க. 0 போட்டா அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி கிளாஸ் சராசரியை இறக்கிடும், நல்லாப் படிச்ச கிளாஸ்கூட பின்தங்கின மாதிரி தெரியும்.