ரெஃபரன்ஸ் வேற, கேரண்டர் வேற தம்பி

லண்டன்ல வாடகை வீட்டுக்கு ஏஜென்ட் ரெஃபரன்ஸும் கேக்குறாரு கேரண்டரும் கேக்குறாரு, ரெண்டும் ஒண்ணுதானே, தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரையே ரெண்டுக்கும் போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க தம்பி. ரெஃபரன்ஸ் குடுக்குறவரு உங்களைப் பத்தித் தெரிஞ்சதைச் சொல்றவரு, அவ்வளவுதான். ஆபீஸ் எச்ஆர் சம்பளம் இவ்வளவுன்னு ஈமெயில் போட்டாங்கன்னா அவங்க வேலை முடிஞ்சுது. கேரண்டர்னா ஜாமீன் கையெழுத்து. நீங்க வாடகை கட்டலேன்னா அவர் கட்டணும், வீட்டுல ஏதாவது உடைச்சு வெச்சாலும் அவர் தலையிலதான் விடியும்.

இதுல பெரிய வில்லங்கம், நாலு பேரு சேந்து ஒரே அக்ரிமென்ட்ல வீடு எடுத்தா ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’னு ஒரு வரி இருக்கும், ஒருத்தன் குடுக்காம ஓடினா மத்தவங்க கட்டணும்னு அர்த்தம். கேரண்டி பேப்பர்ல உங்க பங்குக்கு மட்டும்னு எழுதி வாங்கலேன்னா உங்க கேரண்டர் முகமே தெரியாத பையனோட பாக்கிக்கும் மாட்டுவாரு. நான் வந்த புதுசுல எங்க வீட்டுல ஒருத்தன் சொல்லாம கொள்ளாம கனடா கிளம்பிட்டான், பெட்ஷீட் கூட மடிக்கல. பாக்கி கேட்டு லெட்டர் போனது அவனுக்கா? எங்ககூட இருந்த இன்னொரு பையனுக்கு கேரண்டரா நின்ன அவனோட ஹாரோ மாமாவுக்கு! அந்த மனுஷன் எங்க வீட்டு வாசலைக் கூட மிதிச்சதில்ல.

இதெல்லாம் தெரிஞ்சும் கோயில்ல பாத்தா “சும்மா ஒரு கையெழுத்துதானே அண்ணா”ன்னு வர்ற நம்ம ஆளுங்க இருக்காங்களே... மாட்டேன்னா “பாஸ்போர்ட் மாறினதும் ஆளே மாறிட்டாரு”ன்னு பேச்சு. ஆமா, மாறிட்டேன். எந்த அக்ரிமென்ட்டா இருந்தாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காம பேனாவைத் தொடமாட்டேன், இப்ப ஆபீஸ்ல வெள்ளைக்காரங்களே என்கிட்ட கொண்டு வந்து காட்டுறாங்க.

இன்னொண்ணு, ரெஃபரன்ஸ் செக் பண்ண தனியா ஃபீஸ் கேட்டா குடுக்காதீங்க, இங்கிலாந்துல 2019 ஜூன்லேர்ந்து டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் படி அதை வாங்கக்கூடாது. நாங்க வந்தப்ப அதெல்லாம் ஏது, ஏஜென்ட் வெச்சதுதான் ரேட், பேசாம கட்டிட்டு வந்தோம். எனக்கு முதல் ரெஃபரன்ஸ் குடுத்தது வேர்ஹவுஸ் சூப்பர்வைசர், போலந்துக்காரரு, நைட் ஷிப்ட் முடிஞ்சு லாரி பக்கத்துல நின்னுக்கிட்டே ரெண்டு வரி எழுதிக் குடுத்தாரு. அவர்கிட்ட போய் கேரண்டரா இருங்கன்னு கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு.

கேரண்டர் கிடைக்கலேன்னா முதல்ல உங்க பேர்ல மட்டும் தனி அக்ரிமென்ட்ல ஒரு ரூம் எடுத்துக்கோங்க, நாலு பேரோட சேந்து கையெழுத்துப் போடாதீங்க. எந்த ஏரியா நல்லதுன்னும் கேட்டிருக்கீங்க, ஆபீஸ் எங்கேன்னு பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க, அதுல நான் வாயைத் திறந்தா நம்ம தமிழாளுங்க நிறைய இருக்குற ஈஸ்ட் ஹாம் ஆளுங்க சண்டைக்கு வந்துடுவாங்க.