அன்றாட வாழ்க்கையை இலகுவாக்க நீங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் சின்னப் பழக்கங்கள் எவை?

மூன்று வருடத்துக்கு முன்னர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், "அதை என்ர மனிசியிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்திருப்பேன். இப்போது பதில் எழுத எனக்கும் கொஞ்சம் தகுதி வந்திருக்கிறது. வேண்டி வந்த தகுதி அல்ல, தலையில் வந்து விழுந்தது.

என் மனைவி ஆசிரியை. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் சில வருடம் வன்னியில் படிப்பித்துவிட்டு வருவது இங்கே புதிய கதை இல்லை. திங்கள் விடிய இருட்டோடு பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் வீடு வருவார். கொக்குவில் வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும், பின்வளவில் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமையலுக்குக் கைகொடுப்பார், ஓடித்திரிய முடியாது.

முதல் மாதம் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. பள்ளிக்கூட மணி ஏழரைக்கு. ஏழு பத்துக்காவது மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும். ஒருநாள் திறப்பைக் காணவில்லை. மேசை, அலுமாரி, போட்டுக் கழற்றிய சேர்ட், காய்கறிப் பை, எல்லாம் கொட்டித் தேடினோம். இருபது நிமிடம். கடைசியில் சின்னவன் வெளியே போய்விட்டு வந்து, "அப்பா, அது சைக்கிளிலையே கொழுவி இருக்கு" என்றான். இரவு முழுக்க முற்றத்தில் திறப்போடு நின்றிருக்கிறது வாகனம். களவு போகாததே பெரிய காரியம்.

அன்றைக்கே ஒரு ஆணி அடித்தேன். அறைக்குள், கண்ணாடிக்குப் பக்கத்தில், பார்க்க வடிவாக. மூன்று நாளும் வேலை செய்யவில்லை. ஏனென்றால் நான் வீட்டுக்கு வந்தால் முதலில் நிற்பது விறாந்தைப் படியில், செருப்பைக் கழற்ற. அந்த இடத்தில் கையில் இருப்பதையெல்லாம் அரைச்சுவரில் வைத்துவிடுவேன். அறை வரைக்கும் திறப்பு வந்து சேராது. பிறகு ஆணியைப் பிடுங்கி, செருப்பைக் கழற்றும் இடத்துக்கு நேர் மேலே கதவு நிலையில் அடித்தேன். அதன் பிறகு ஒருநாளும் திறப்புத் தேடியதில்லை.

மற்றதெல்லாம் அந்த ஆணியிலிருந்து கற்றுக்கொண்டதுதான். நான் ஒழுங்கான ஆள் இல்லை. "இனிமேல் ஒழுங்காக இருப்பேன்" என்று சபதம் எடுத்த எதுவும் எனக்கு ஒரு கிழமை தாண்டியதில்லை. ஏற்கெனவே எப்படியும் செய்கிற ஒரு வேலையின் முதுகில் ஏற்றிவிட்ட பழக்கம் மட்டும்தான் நிற்கிறது. கீழே சொல்வதெல்லாம் அப்படி நின்றவை.

ஞாயிற்றுக்கிழமை மா

எங்கள் பக்கத்தில் இரவுச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் பிட்டு அல்லது இடியப்பம். வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து மாவிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள். அம்மா தன் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் கோதுமை மாவை அவித்து ரின்னில் போட்டு வைப்பார். அதைத் திரும்பத் தொடங்கினேன்.

இரண்டு கிலோ மாவைச் சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, நீராவியில் முக்கால் மணிக்கு மேல் வைக்க வேண்டும். இறக்கியதும் மா கல்லுக் கட்டி போல இருக்கும். சூடு ஆறுவதற்குள் பேணியின் அடியால் குத்தி உடைத்து, அரிதட்டில் அரிக்க வேண்டும். ஆறிவிட்டால் உடைக்கத் தோள் வலிக்கும். பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் இழுபடும் பசை வரும். அவித்த மாவில் அந்தப் பசைத்தன்மை போய்விடுவதால் இடியப்ப உரலில் பிழிவது சுகம், பிட்டும் உதிரியாக வரும். மாவுக்குள் இருக்கும் பூச்சி முட்டையும் செத்துவிடும் என்பது கூடுதல் நன்மை.

முதல் தடவை நான் விட்ட பிழை: இளஞ்சூட்டோடு ரின்னை மூடிவிட்டேன். மூடியில் வியர்த்த தண்ணீர் மாவில் சொட்டி, புதன்கிழமை திறந்தால் பூஞ்சண மணம். இரண்டு கிலோவும் குப்பைக்கு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார், அது எனக்குக் கேட்கிற மாதிரி. இப்போது பேப்பர் விரித்துச் சுளகில் பரவி, நன்றாக ஆறிய பிறகுதான் ரின்.

ஞாயிறு மத்தியானம் இறைச்சிக்கறி கொதிக்கும்போது எப்படியும் குசினிக்குள்தான் நிற்கிறேன். மற்ற அடுப்பில் மா அவியட்டும் என்று விட்டதால்தான் இந்தப் பழக்கம் நிலைத்தது. தனியாக நேரம் ஒதுக்கியிருந்தால் இரண்டாம் கிழமையே விட்டிருப்பேன்.

குசினி லைட்டை அணைக்கும் முன்

இரவில் எச்சில் கோப்பை கிடந்தால் மூதேவி குடியிருப்பாள் என்பது அம்மாவின் கட்சி. மூதேவியை நான் கண்டதில்லை, கரப்பானைக் கண்டிருக்கிறேன். ஆகவே முடிவு ஒன்றுதான்: சிங்க் வெறுமையாகாமல் லைட் அணையாது. கோப்பை கழுவி முடிந்த கையோடு விடியத் தேத்தண்ணிக்குக் கேத்திலை நிரப்பி வைப்பேன், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களையும் நிரப்பிவிடுவேன். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். ஒருநாள் ஆசைக்கு நேரம் பார்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் விடியப்புறத்தில் அரை மணித்தியாலத்துக்குச் சமம். நித்திரைக் கண்ணோடு நேற்றைய பிட்டுச்சட்டியை உரஞ்சிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வெள்ளிக்கிழமை வாளி

எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் வீடு கழுவுதல், மரக்கறிச் சமையல், பின்னேரம் விளக்கு. நான் சாமியறைப் பக்கம் அதிகம் போகிற ஆள் இல்லை, ஆனால் அம்மா கழுவச் சொன்னால் கழுவத்தான் வேண்டும். எப்படியும் வாளியும் தும்புத்தடியும் கையில் இருக்கிற நாள் அதுதானே. அதனோடு தண்ணீர் தேங்கும் இடங்களையும் சேர்த்துவிட்டேன்.

டெங்கு வந்த வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பெரியவளுக்கு ஒரு மார்கழியில் வந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இரத்தத் தட்டு எண்ணிக்கை எழுதிய துண்டைப் பார்த்துப் பார்த்தே நாங்கள் பாதியாகிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் மாரி மழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை டெங்குப் பயம் இருக்கும்.

ஏன் கிழமைக்கு ஒருதரம்? டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள் எடுக்கும். வெள்ளிக்கு வெள்ளி கவிழ்த்துக் கொட்டினால் கூடுமானவரை அந்தக் கணக்கை முந்திவிடலாம். வெறுமனே கொட்டுவதும் போதாது. அந்த நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில். முட்டை அதில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறினால் பொரிக்கும். அதனால் தும்பால் உரஞ்ச வேண்டும்.

நான் சுற்றிவரும் ஒழுங்கு இது: படியில் கால் கழுவ வைத்திருக்கும் வாளி, பூச்சாடித் தட்டுகள், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, பிரிஜ்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, வளவில் கிடக்கும் சிரட்டையும் யோகட் கோப்பையும். பிரிஜ் தட்டைப் பலர் மறப்பார்கள். நானும் மறந்திருந்தேன், ஒரு நாள் இழுத்துப் பார்த்தால் உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இவ்வளவு நாளும் வீட்டுக்குள்ளேயே நுளம்புப் பண்ணை நடத்தியிருக்கிறேன்.

கேத்திலும் வெள்ளிக் கணக்கில்தான் வருகிறது. யாழ் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நாங்கள் கிணற்றில் அள்ளிக் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி நிற்கும் மழைத் தண்ணீரை. அதனால் கேத்திலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், படிந்தால் கொதிக்க நேரம் எடுக்கும். மத்தியானம் சொதிக்குப் பிழிந்த தேசிக்காய்த் தோல்களைக் கேத்திலுக்குள் போட்டு, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி விட்டு ஊற்றினால் மெல்லிய படிவு கழன்றுவிடும். தடித்துப்போனால் வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. இதற்கென்று விற்கும் பவுடர் தேவையே இல்லை.

இடைச்செருகலாக ஒன்று: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் தோட்டப் பசளையாலும் மலக்குழியாலும் கிணற்றில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஒரே பை

இந்தப் பழக்கம் என்னுடையது இல்லை, அம்மாவினது. 1995 அக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழை. அப்பாவின் சைக்கிளில் அரிசி, அம்மாவின் தோளில் ஒரு மண்ணிறப் பை. பைக்குள் காணி உறுதி, எல்லாருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரம், கலியாண எழுத்து, வங்கிப் புத்தகம். வீட்டில் மற்றது எல்லாம் போனது, அது போகவில்லை.

அந்தப் பை இன்றும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, நாடா மட்டும் மாற்றியிருக்கிறார். நான் எனக்கொன்று வைத்திருக்கிறேன். விதி ஒன்றுதான்: பையிலிருந்து எடுத்த கடதாசி அன்று இரவுக்குள் பைக்குத் திரும்ப வேண்டும். போட்டோப் பிரதி எடுக்கக் கடைக்குப் போனால் மூலப்பிரதியைக் கடை மெசினுக்குள் விட்டுவிட்டு வருவது என் வழக்கம், இரண்டு தரம் நடந்திருக்கிறது. ஆகவே எப்போதும் ஐந்து பிரதி கூடுதலாக எடுத்துப் பைக்குள்ளேயே போட்டுவிடுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அடையாள அட்டைக்கு, வங்கிக்கு, எதற்குக் கேட்டாலும் இப்போது தேடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு பத்திரம் கேட்டு நள்ளிரவில் எடுக்கும் போனுக்குக்கூட இரண்டு நிமிடத்தில் படம் அனுப்பிவிடலாம்.

சின்னச் சின்னது

வெள்ளைச் சீருடையைச் சனிக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். மாரியில் பத்து உடுப்பு ஒன்றாகத் தோய்த்தால் கொடியில் இடமும் இல்லை, வெயிலும் இல்லை. பள்ளியால் வந்து கழற்றிய கையோடு காலரில் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் காயவிட்டால் மூன்று நிமிட வேலை. பிள்ளைகளே செய்வார்கள், முதல் கிழமை முனகுவார்கள். அயர்ன் பண்ணுவது மட்டும் சேர்த்து ஞாயிறு பின்னேரம். விடியக்காலையில் ஒவ்வொரு சேர்ட்டுக்கும் பெட்டியைச் சூடாக்கினால் அதற்கே கரண்ட் நிறையச் செலவாகும்.

தண்ணீர் மோட்டரைப் போட்டால் போனில் அலாரம். எங்கள் தாங்கி நிரம்ப இருபத்தைந்து நிமிடம். அலாரம் இல்லாத காலத்தில் தாங்கி வழிந்து வாழைக்குப் பாய்ந்தது. வாழை நன்றாகத்தான் வந்தது, கரண்ட் பில்லும் அதோடு சேர்ந்து வளர்ந்தது.

சரிவராதவை

பிரிஜ்ஜில் ஒட்டிய வேலை அட்டவணை. கலர் பேனையால், கட்டம் போட்டு, யார் எந்த நாள் என்ன என்று. இரண்டு கிழமைக்குப் பிறகு அதன் பின்பக்கத்தில் சின்னவன் கணக்குச் செய்திருந்தான். போத்தல்களுக்குப் பெயர் ஒட்டியதும் தோல்விதான். அம்மா கண்ணாடி இல்லாமல் சமைக்கிற ஆள். அவருக்கு உப்பு அடுப்புக்கு இடப்பக்கம், தூள் வலப்பக்கம். நான் வடிவாக அடுக்கி எழுத்து ஒட்டி வைத்த அன்று சொதிக்குள் சீனி போனது. "எழுத்தை ஆர் பாத்தது, இடத்தைத்தானே பாத்தனான்" என்றார். ஏலவே கேட்டிருக்கலாம். போத்தல்கள் அன்றிரவே பழைய இடத்துக்குப் போயின.

மனைவிக்கு யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப இடமாற்றம் கிடைக்கும் போலிருக்கிறது. போன வெள்ளி பஸ்ஸால் இறங்கி ஸ்கூட்டியில் வந்தவர், படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கூட்டித் திறப்பைக் கொழுவக் கையை உயர்த்தினார். எட்டவில்லை. "இஞ்சேருங்கோ, இந்த ஆணியை ஒரு சாண் கீழ இறக்குங்கோ" என்றார். இறக்கினால் சின்னவன் திறப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பிப் பார்ப்பான் என்று நான் சொன்னேன். இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறோம்.