பழைய கணினியில் ஷெல்ஷாக் ஓட்டையை அடைப்பது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். உபுண்டு 10.04 ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றும், ஸ்னோ லெபர்ட் (மேக் ஓஎஸ் 10.6) ஓடும் பழைய மேக் ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் ஷெல்ஷாக் ஓட்டை இருக்கும், தூக்கிப் போடு என்கிறார் நண்பர். பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் மேக்கில்தான் திறக்கின்றன. பேட்ச் போட முடியுமா?

பதில்: முடியும். உபுண்டுவில் சுலபம், மேக்கில்தான் நிதானம் வேண்டும்.

லினக்ஸிலும் மேக்கிலும் நாம் கொடுக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்தான் பாஷ். அது தொடங்கும்போது என்விரான்மென்ட் வேரியபிள்களில் (நிரல்களுக்குக் கைமாற்றப்படும் அமைப்பு மதிப்புகளில்) ஃபங்ஷன் வரையறை இருந்தால் படித்துக்கொள்ளும். வரையறை முடிந்த பிறகும் நிற்காமல், பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளையையும் ஓட்டிவிடும். அதுதான் ஓட்டை. 1989 முதல் இருந்ததை ஸ்டெஃபான் ஷாசெலாஸ் கண்டுபிடித்தார். 2014 செப்டம்பர் 24 அன்று வெளியே தெரிந்தது. அன்று வந்த பேட்ச் முழுமையானதல்ல, அடுத்தடுத்து வேறு பேட்ச்களும் வந்தன. ஆகவே முதல் பேட்சோடு நிற்கக்கூடாது.

உபுண்டு 10.04-க்கான திருத்தம் அப்போதே வந்துவிட்டது. பழைய தொகுப்புகள் இப்போது உபுண்டுவின் ‘ஓல்ட்-ரிலீஸஸ்’ சர்வரில் இருக்கின்றன. தொகுப்புகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் ஃபைலில் சர்வர் முகவரியை அதற்கு மாற்றுங்கள். செக்யூரிட்டி, அப்டேட்ஸ் வரிகளும் இருக்கட்டும். பிறகு ஆப்ட்-கெட் கட்டளையில் அப்டேட் கொடுத்து பாஷை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். ரீபூட் தேவையில்லை. பாஷ் காட்டும் வெர்ஷன் எண் மாறாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தொகுப்பின் சேஞ்ச்லாகை (மாற்றப் பட்டியலை) பாருங்கள். கேரளத்தில் பள்ளிக்கூட லேபிலேயே லினக்ஸ்தான் என்பதால், உங்கள் ஊரில் இதற்கு உதவ ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

மேக் விஷயம் வேறு. ஆப்பிள் 2014 செப்டம்பர் 29 அன்று ஸ்னோ லெபர்டுக்குப் பின் வந்த லயன், மவுண்டன் லயன், மேவரிக்ஸ் மூன்றுக்கு மட்டும் பேட்ச் கொடுத்தது. ஸ்னோ லெபர்ட்டை விட்டுவிட்டது. முன்பின் தெரியாத தளத்தில் கிடைக்கும் ரெடிமேட் பாஷைப் போடாதீர்கள், அதற்கு ஓட்டையே தேவலை. பாஷை வெளியிடும் ஜிஎன்யூ தளத்தில் பாஷ் 3.2-இன் மூலநிரலும் 57 பேட்ச்களும் இருக்கின்றன. பழைய மேக்கில் இன்றைய தளங்கள் பல திறக்காது. வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். இன்ஸ்டால் டிவிடியில் உள்ள எக்ஸ்கோடை (ஆப்பிளின் நிரலாக்கக் கருவித் தொகுப்பை) போட்டு, பேட்ச்களை வரிசையாகச் சேர்த்து கம்பைல் செய்யுங்கள், அதாவது மூலநிரலை ஓடக்கூடிய ஃபைலாக மாற்றுங்கள். ‘மேக் இன்ஸ்டால்’ (make install) கொடுத்தால் அது வேறு ஃபோல்டருக்குப் போய்விடும், சிஸ்டத்தின் பழைய பாஷ் அப்படியே இருக்கும். ஆகவே உருவான ஃபைலை மட்டும் எடுங்கள்.

அதை அந்த ஃபோல்டரிலேயே ஓட்டிப் பாருங்கள், வெர்ஷன் 3.2.57 என்று வரவேண்டும். ரூட் (நிர்வாகி) அனுமதியோடு இரண்டு டெர்மினல் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒன்றில் வேலை, மற்றது ஆபத்துக்கு. ‘பின்’ (/bin) ஃபோல்டரில் பாஷ் (bash), எஸ்எச் (sh) இரண்டுமே பாஷ்தான். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் பெயர் மாற்றி வைத்துவிட்டு, புதிய ஃபைலை இரண்டு பெயரிலும் வையுங்கள். எல்லாம் ஓடுவது உறுதியான பிறகே பழையவற்றின் எக்ஸிக்யூட் அனுமதியை எடுங்கள். எஸ்எச் கெட்டால் பழுது பார்க்க உதவும் சிங்கிள் யூசர் மோடும் வராது, டிவிடிதான் கதி.

டிவிடியே தொலைந்துபோயிருந்தால் கம்பைலை விடுங்கள். ஷேரிங் அமைப்பில் வெப் ஷேரிங், ரிமோட் லாகின் இரண்டையும் அணைத்து, ரவுட்டரில் அந்த மேக்குக்கு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை அதற்குத் திருப்பிவிடும் அமைப்பு) இருந்தால் நீக்குங்கள். பத்திரிகை அடிக்க அதற்கு இன்டர்நெட்டே வேண்டாமே.