மாடித் தொட்டியில் முதலில் எந்தக் காய் போடலாம்?

தக்காளியை விட வெண்டை சுலபம். 12 அங்குலப் பையில் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். அடியில் நான்கு துளையாவது வேண்டும்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, ஈரத்திலேயே செடி வாடும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றிவிடாதீர்கள்!

விதையை இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் மூன்று ஊன்றி, நன்றாக வந்த ஒன்றை மட்டும் விடுங்கள். 40-45 நாளில் பூக்கும். பூத்த ஐந்தாறு நாளில் பறிக்காவிட்டால் காய் நாராகும்.

இலை நரம்பு மஞ்சளானால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி; மருந்தில்லை, பிடுங்கிவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒருமுறை மாலையில் தெளித்தால் ஈ குறையும்.