800, 1500 மீட்டர் ஓட்டத்தில் யார் ஜெயித்தாலும் ஊக்கமருந்து சந்தேகம் எழுவது ஏன்?

காரணம் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் பெண்கள் 1500 மீட்டர் இறுதிப் போட்டியையே பாருங்கள். முதலில் வந்தவர் துருக்கியின் அஸ்லி சாகிர் அல்ப்தெகின், அடுத்து அதே நாட்டின் கம்சே புலுத். இருவரின் பதக்கங்களும் பிற்பாடு பறிபோயின. நாலாவதாக வந்த ரஷ்யாவின் தோமஷோவாவும் 2024-இல் நீக்கப்பட்டார். முதல் ஒன்பது பேரில் ஐந்து பேரின் முடிவு இன்று செல்லாது! ஆறாவதாக ஓடி முடித்த அமெரிக்காவின் ஷானன் ரௌபரி வெண்கல இடத்துக்கு உயரப் பன்னிரண்டு வருஷம் ஆனது. மேடையில் நிற்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தை யார் திருப்பித் தர முடியும்?

அஸ்லி சிக்கியது 'உயிரியல் பாஸ்போர்ட்' மூலம். இதில் மருந்தைத் தேடுவதில்லை, அது விட்டுப்போன தடயத்தைத் தேடுகிறார்கள். ஒருவரின் ரத்தத்தைப் பல வருஷம் தொடர்ந்து அளப்பார்கள். வெளியே எடுத்து வைத்த தன் ரத்தத்தையே அவர் திரும்ப ஏற்றிக்கொண்டால் ஹீமோகுளோபின் ஏறும்; ஆனால் புதிதாகப் பிறக்கும் சிவப்பணுக்கள் குறைந்துவிடும். இயல்பான உடலில் இப்படி ஒரு முரண் அரிது.

அப்புறம், பழைய சாதனைகள். செக்கோஸ்லோவாக்கியாவின் யர்மிலா க்ரதோஹ்விலோவா 1983-இல் 800 மீட்டரை 1:53.28-இல் ஓடினார். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை, ஊக்கமருந்து எடுத்தார் என்ற பேச்சை மறுத்தே வந்திருக்கிறார். சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது.