வேலியில் வெட்டிய பச்சைக் கம்பை வில் செய்ய எப்படிக் காயவைப்பது?

வேலியோரம் விடத்தலை என்கிற முள்மரத்தில் மணிக்கட்டுத் தடிமனில் கம்புகள் வெட்டியிருக்கிறீர்கள். மொட்டைமாடியில் போட்ட ஒன்று இரண்டே நாளில் முனையில் வெடித்துவிட்டது, மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறீர்கள். நானும் திருநெல்வேலிப் பக்கம்தான். நம் ஊர் வெயிலையும் காற்றையும் வைத்தே சொல்கிறேன்.

முதல் விஷயம், கம்பைக் கம்பாகவே காயவைக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போதே பாதி வில்லாகச் செதுக்கிவிட்டு, அதைக் காயவையுங்கள்.

காரணம் இதுதான். பச்சை மரத்தில் அறைகளுக்குள் சும்மா நிற்கிற தண்ணீர்தான் முதலில் வெளியேறும். அதனால் மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு, மரத்தின் சுவர்களிலேயே ஊறியிருக்கிற தண்ணீர் கிளம்பும். சுருக்கம் தொடங்குவது அப்போதுதான். அதிலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு, வளையத்தைச் சுற்றிவரும் திசையில் சுருங்கும். உருண்டைக் கம்புக்கு அந்த இழுப்பைத் தாங்க வழியில்லை, நெடுகப் பிளந்துகொள்கிறது. நடுவில் இருக்கிற சோற்றுப் பகுதி வரை ஒரு பக்கத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டால் இழுப்புக்குப் போக்கிடம் கிடைத்துவிடும்.

எந்தப் பக்கத்தைச் செதுக்குவது? கணு குறைவாக, நேராக ஓடுகிற பக்கம் வில்லின் முதுகு. அம்பு விடும்போது இலக்கைப் பார்த்து நிற்கிற பக்கம் அது. நாணை இழுக்கும்போது இழுபடுவது அதுதான், அதனால் அதில் அரிவாள் படவே கூடாது. நாண் பக்கம், அதாவது வயிற்றுப் பக்கத்தில்தான் எல்லா வெட்டும். கைப்பிடியைத் தடிமனாக விட்டுவிட்டு, அதன் இரு பக்கமும் நீளும் வில்லின் கைகளை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் வரை குறைக்கலாம். இப்போதே வளைத்துப் பார்க்கும் ஆசை வரும். வளைக்காதீர்கள், பச்சைக் கம்பு வளைந்தபடியே நின்றுவிடும்.

இனிமேல் வெட்டுவதாக இருந்தால் தேவைக்குமேல் ஓர் அடியாவது நீளமாக வெட்டுங்கள். ஐந்தரை அடி வில்லுக்கு ஆறரை அடிக் கம்பு. முனை வழியாக ஈரம் போகும் வேகம் பக்கவாட்டில் போவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால் வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் பெவிகால், பழைய பெயின்ட், உருக்கிய மெழுகுவர்த்தி, ஏதாவது ஒன்றைக் கனமாகப் பூசிவிடுங்கள். ஏற்கெனவே வெடித்த கம்பையும் தூக்கி எறிய வேண்டாம். வெடிப்பு முடிகிற இடத்துக்கு நாலு விரல் தள்ளி அறுத்து, முனையைப் பூசினால் சின்னப் பையன்களுக்கான வில்லுக்காவது ஆகும்.

பட்டை விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கட்சி உரித்துவிடுவதுதான். மழைக்குப்பின் துளிர்த்திருக்கும் கம்பில் கத்தி வைத்துக் கீறி இழுத்தால் பட்டை வாழைநார்போல நீளமாகக் கழன்று வரும். உள்ளே வழவழவென்று ஈரமாக இருப்பதே வில்லின் முதுகு, அதற்குமேல் ஒரு வேலையும் இல்லை. காய்ந்தபின் உரித்தால் சுரண்ட வேண்டிவரும், நாரில் காயம் படும், பின்னால் அந்த இடத்தில்தான் ஒடியும். பட்டையோடு விட்டால் அடியில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். உரித்ததும் முதுகில் பெவிகாலை மெலிதாகப் பூச மறக்காதீர்கள், இல்லையென்றால் அங்கே மயிரிழை வெடிப்பு விழும்.

அப்புறம் கட்டுவது. செதுக்கிய கம்பு காயக்காய முறுக்கிக்கொள்ளும். நேரான ரீப்பர் கட்டை ஒன்றை எடுத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, சாணுக்கு ஒரு சுற்றாக அதோடு சேர்த்துக் கட்டுங்கள். கயிறைவிட டியூப் நல்லது. மரம் சுருங்கினாலும் பிடி தளராது.

எங்கே வைப்பது? வெயில் வேண்டவே வேண்டாம். எங்கள் தெரு ஆசாரி சொல்வது, "மரம் வெயிலுக்குக் காயாதுடே, காத்துக்குத்தான் காயும்." அந்தக் காற்றையும் நம் ஊரில் அப்படியே நம்ப முடியாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போதே மானூர், கங்கைகொண்டான் பக்கம் புழுதியோடு வறட்டுக் காற்று வீசும். அந்தக் காற்று நேராகப் பட்டால் வெயிலில் போட்ட கதைதான். வீட்டுக்குள் பரண்மேல், தரையில் படாமல் வையுங்கள்.

எப்போது காய்ந்தது என்று தெரிய நாள் கணக்கு உதவாது, தராசுதான் உதவும். வாரம் ஒருமுறை எடை போட்டு, தேதியோடு பென்சிலால் கம்பிலேயே எழுதுங்கள். முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு நிற்கும். இரண்டு மூன்று வாரம் ஒரே எடை என்றால் சுற்றியுள்ள காற்றோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீத ஈரத்தில் நிற்கும், வில்லுக்கு அது அருமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதம் 80ஐத் தொட்டால் மரமும் 16 வரை ஏறிவிடும். அதனால் மழைக்காலத்தில் எடை நின்றாலும் நம்பாதீர்கள், பங்குனி வரை பொறுங்கள். அவசரம் என்றால், எடை நின்ற கம்பைப் பகலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போட்டு வைக்கலாம். பச்சையாக இருக்கும்போது செய்தால் வெடிக்கும்.

வேறு மரம் கேட்டிருந்தீர்கள். சடச்சி நார் ஓட்டமுள்ள, வளைந்து கொடுக்கிற மரம். கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்கள் வில் செய்வதும் அதே பேரினத்துப் புதர்ச்செடி ஒன்றில்தான். ஆனால் நம் பக்கம் அது மலையில் நிற்கிறது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், அங்கே சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. சீமைக்கருவேல் வேண்டிய மட்டும் கிடைக்கும், நேரான கம்புதான் கிடைக்காது. வில்லுப்பாட்டு வில்லுக்குப் பனை எடுப்பதைப் பார்த்து அதைக் கேட்பவர்களும் உண்டு. அந்த வில்லை வீசுகோலால் தட்டுகிறார்களே தவிர இழுத்து விடுவதில்லை, அது வேறு கணக்கு.

வில் முடிந்ததும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். ஈரம் ஏறுவதை அது தாமதப்படுத்தும், தடுக்காது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி ஆணியில் படுக்கையாக வையுங்கள், சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.