பரிசுப் பணத்தைக் காப்பாற்றும் கேள்வி

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்குத் தொலைக்காட்சி வினாடி வினா என்றால் உயிர். கோடி ரூபாய்ப் போட்டி எந்த மொழியில் வந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சென்ற வாரம் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் போட்டியாளர், கையில் இருக்கும் பணமே போதும் என்று எழுந்துவிட்டார். "பிழைக்கத் தெரிந்த பிள்ளை" என்றார் அப்பத்தா. "பயந்தாங்கொள்ளி" என்றான் தம்பி. வீட்டில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இதற்கிடையே, பள்ளி ஆண்டு விழாவில் அதே பாணியில் ஒரு போட்டி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். கடைசிக் கேள்விக்கு ஐயாயிரம் ரூபாய் பரிசு, ஊர்ப் பெரியவர் ஒருவர் தருகிறார். "யாராலும் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துப் போடுங்கள், பணம் மிஞ்சினால் மேடைச் செலவுக்கு ஆகும்" என்கிறார் தலைமையாசிரியர். கடைசிக் கேள்வி எப்படி இருக்க வேண்டும்? அப்பத்தா சொன்னது சரியா, தம்பி சொன்னது சரியா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தலைமையாசிரியர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யாராலும் சொல்ல முடியாத கேள்வியைத் தயாரிக்க ஒரு திறமையும் வேண்டாம். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டில் எத்தனை கதவுகள் என்று கேளுங்கள், அத்தனை பிள்ளைகளும் விழிப்பார்கள். பணம் மிஞ்சும். விடையைச் சொன்ன பிறகும் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கேள்வியில் தோற்றவர் பிள்ளை இல்லை, கேட்டவர்தான்.

விடை தெரியாத பிள்ளையும் தனக்குத் தெரிந்த வேறொன்றைப் பிடித்துக்கொண்டு விடையை நோக்கி நகர வேண்டும். விடை வெளிவந்ததும் தோற்ற பிள்ளை "அட, எனக்கு இது தோன்றியிருக்க வேண்டுமே" என்று தவிக்க வேண்டும். நல்ல கடைசிக் கேள்வி என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. 2011இல் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார், அமிதாப் பச்சன் நடத்தும் இந்தி நிகழ்ச்சியில் ஐந்து கோடி ரூபாய் வென்றார். கணினி இயக்குநராக மாதத்துக்குச் சில ஆயிரங்கள் சம்பாதித்தவர். அவருக்கு வந்த கடைசிக் கேள்வி இது: 1868இல் நிக்கோபார் தீவுகளின் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்று, இந்தியாவில் தன் காலனி வாழ்வை முடித்துக்கொண்ட ஐரோப்பிய நாடு எது?

கேட்டதும் மலைப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் 1954 வரை இருந்தார்கள். 1868இல் கடையைக் கட்டியவர்கள் அவர்களாக இருக்க முடியாது. போர்ச்சுகீசியர் கோவாவை விட்டது 1961இல். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை 1781லேயே இழந்தார்கள், இந்தியாவில் மிச்சம் இருந்ததை 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். அப்புறம் யார் இருக்கிறார்கள்? தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிய டென்மார்க்காரர்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று வந்தவர்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியதும், அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் அவர்களுடைய அந்த ஊரில்தான். தரங்கம்பாடியை அவர்கள் 1845இல் விற்றார்கள். எஞ்சியிருந்த நிக்கோபார் 1868இல் போனது.

ஐந்து கோடி ரூபாய்க் கேள்வியின் விடை நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது! ஐரோப்பியர் வருகை பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படித்திருந்தால், ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து டென்மார்க்கில் நிற்கலாம். தரங்கம்பாடிக் கோட்டையை ஒரு முறை பார்த்த பிள்ளை என்றால் கழிக்கக்கூட வேண்டாம்.

கடினம் என்பது கேட்கப்படுபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது. இந்தக் கோடி ரூபாய்ப் போட்டிகளுக்கெல்லாம் மூலமாக, பிரிட்டனில் 1998இல் தொடங்கிய நிகழ்ச்சியில் முதன்முதலாகப் பத்து லட்சம் பவுண்டு வென்றவர் ஜூடித் கெப்பல், 2000ஆம் ஆண்டில். அக்கிட்டெய்ன் நாட்டு எலினோரை மணந்த மன்னர் யார் என்பது அவருக்கு வந்த கடைசிக் கேள்வி. விடை இரண்டாம் ஹென்றி. ஆங்கில வரலாறு படித்தவர்களுக்கு இது பழகிய பெயர். பள்ளத்தூர்ப் பிள்ளையிடம் கேட்டால் அது வெறும் கல், பிடித்து ஏற ஓர் இடுக்கு இருக்காது. ஆகவே, தொலைக்காட்சியில் வந்த கேள்விகளைத் தொகுத்து வைத்திருக்கும் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் காலை வைத்து நடக்கும் தரையிலிருந்து கேளுங்கள்.

தரை என்றதும் ஒன்று தோன்றுகிறது. இதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் காண முடியாதது எது: கண்ணாடி, சிமெண்ட், தண்ணீர்த் தொட்டி, சூளை?"

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண்ணாடி என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். தரைக்கல் செய்யும் இடத்தில் கண்ணாடிக்கு என்ன வேலை? அங்கேதான் கேள்வி தன் வேலையைத் தொடங்குகிறது. செங்கல், ஓடு, பீங்கான் எல்லாம் தீயில் வெந்து வருபவை, அதனால் இதுவும் வெந்திருக்கும் என்று மனம் தானாக முடிவுகட்டும். ஆனால் நன்றாக யோசிக்கும் பிள்ளை, அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் சாந்து பூசுகிறார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து வரும்போது கண்ணாடியின் மழமழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. தீயே இல்லை. சிமெண்ட் தண்ணீரால் இறுகும் பொருள் என்பது ஒன்பதாம் வகுப்புக்குத் தெரிந்ததுதான். சிமெண்ட் பட்டியலில் இருக்கிறது, தொட்டியும் இருக்கிறது, அப்படியானால் சூளை எதற்கு என்று ஒரு பிள்ளை மேடையில் வாய்விட்டு யோசித்தால், அந்த நிமிடத்துக்காகவே விழாவுக்கு வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு கேள்வியைக் கடைசிக்கு வைக்க வேண்டாம் என்பேன். சென்னையில் 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலச் சேகரிப்பு எந்த ஊரில் இருந்தது? கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ஒருவர், தனி மனிதராகச் சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அங்கே சேர்த்து வைத்திருந்தார். தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் யாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். நம் பிள்ளைகள் பஸ்ஸில் தினமும் கடந்துபோகும் ஊரைப் பற்றி இதைத் தெரிந்துகொள்வது அவசியம். இருந்தாலும், தெரியாத பிள்ளை யோசித்துக் கண்டுபிடிக்க இதில் வழி இல்லை. நடுச்சுற்றில் போடுங்கள், விடையோடு அவர் கதையையும் சொல்லுங்கள்.

விடை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் கேள்வி எந்தச் சுற்றிலும் வேண்டாம். செட்டிநாட்டில் எத்தனை ஊர்கள் என்று கேட்டால் 96 என்பார்கள், இப்போது 76 என்பார்கள். மேடையில் ஒரு பிள்ளையின் தகப்பனார் எழுந்து வேறு எண் சொன்னால் போட்டி அங்கேயே முடிந்தது.

தலைமையாசிரியரின் யோசனையை நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் 1956இல் 'இருபத்தொன்று' என்ற வினாடி வினா நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தது. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் வாரக்கணக்கில் வென்றுகொண்டிருந்தார். தயாரிப்பாளர்களுக்கு அவர் முகம் சலித்துவிட்டது. சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியரை வெற்றியாளராக்க முடிவு செய்தார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது எது என்ற கேள்விக்குத் தவறான விடை சொல்லும்படி ஸ்டெம்பெலிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். 'மார்ட்டி' என்ற அந்தப் படம் அவருக்கு மிகவும் பிடித்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்க, தெரிந்த விடையை விழுங்கிவிட்டு வேறொரு படத்தின் பெயரைச் சொன்னார். 1959இல் வான் டோரன், தனக்குக் கேள்வியும் விடையும் முன்பே தரப்பட்டதை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு இப்படிப்பட்ட மோசடியைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

உங்கள் தலைமையாசிரியர் மோசடி செய்யச் சொல்லவில்லை, பள்ளிச் செலவை நினைத்துக் கவலைப்படுகிறார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் பணப்பெட்டியைப் பார்த்துக் கேள்வி தயாரிக்கத் தொடங்கினால், அந்த அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நடந்த பாதையில் முதல் அடி வைத்துவிடுகிறோம். ஐயாயிரம் ரூபாய் கொடுக்க முன்வந்த பெரியவர், அதை ஒரு பிள்ளை வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கத்தானே தருகிறார்?

இனி அப்பத்தா வழக்கு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கையில் ஒரு கோடி இருக்கிறது, சரியாகச் சொன்னால் ஐந்து கோடி, தவறினால் சில லட்சம் மட்டும். இப்படி நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால் இருபத்தைந்து பேருக்குச் சரியாக அமையும். மொத்தம் 125 கோடிக்கு மேல். எல்லோரும் எழுந்து போயிருந்தால் 100 கோடிதான். உங்கள் தம்பி இதைப் படித்ததும் துள்ளிக் குதிப்பார். கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். அந்த 125 கோடி நூறு பேரின் மொத்தக் கணக்கு. அதில் எழுபத்தைந்து பேர் ஒரு கோடியைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பர்மாவில் கடை வைத்த நம் ஊர்க்காரர்கள் நூறு பேருக்குக் கடன் கொடுத்து, நாலு பேரிடம் போனதை மற்றவர்களிடம் வந்த வட்டியில் சரிக்கட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இருப்பது ஒரே ஒரு கடன். வாழ்க்கையில் ஒரு முறை மட்டும் கிடைக்கும் ஆட்டத்தில் சராசரிக் கணக்கு உதவாது. முதல் கோடி கடனை அடைக்கும், வீட்டைக் கட்டும், பிள்ளையைப் படிக்க வைக்கும். ஐந்தாவது கோடிக்கு அவ்வளவு வேலை இல்லை. டேனியல் பெர்னோலி என்ற கணித அறிஞர் 1738லேயே இதை எழுதிவைத்தார். அப்பத்தா அவரைப் படிக்காமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

தம்பியின் பக்கம் நிற்கவும் ஒருவர் இருக்கிறார். 2020இல் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாய் வென்ற மதுரை கௌசல்யா கார்த்திகா. செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்றவர். அவரும் கையில் பெரும் தொகையோடுதான் கடைசிக் கேள்வியின் முன் இருந்தார், எழுந்து போகாமல் விடை சொன்னார். அப்பத்தாவுக்கு அந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு எழுந்து போகும் உரிமை உண்டு, அதில் கோழைத்தனம் இல்லை என்பதே என் தீர்ப்பு. பிள்ளைகளுக்கு அந்த நிலைமையையே உருவாக்க வேண்டாம். உங்கள் போட்டியில் கடைசிக் கேள்விக்குத் தவறான விடை சொன்னால், அதுவரை வென்ற எதுவும் பறிபோகாது என்று விதி வையுங்கள். அதைத் தொடக்கத்திலேயே மேடையில் அறிவியுங்கள். மணி அடித்துத் துரத்தாமல் இரண்டு நிமிடம் கொடுங்கள், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விடை தவறினாலும் யோசித்த வழி சரியாக இருந்தால் பாதிப் பணத்தைக் கொடுக்கலாமா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியும் பணம் மிஞ்சினால் மேடைக்குப் போக வேண்டாம். வகுப்பு முழுவதையும் ஆத்தங்குடிக்கு அழைத்துப் போகும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.